வினையைச் சொல்லுங்கள், சமான எடையைச் சொல்கிறேன்

9 கிராம் அலுமினியம், 12 கிராம் மெக்னீசியம், 28 கிராம் இரும்பு, 33 கிராம் துத்தநாகம். இந்த நான்கையும் தனித்தனிக் குவளைகளில் போட்டு, கரையும் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நான்கிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு ஹைட்ரஜன்தான் வெளிவரும்: சுமார் 1 கிராம். 0 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அளந்தால் 11.2 லிட்டர். வேகம் மட்டும் மாறும். மெக்னீசியம் பொங்கிக்கொண்டு கரையும். அலுமினியமோ, மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் போகும்வரை சும்மா கிடந்துவிட்டு அப்புறம் திடீரென்று வேகமெடுக்கும். இரும்பு நிதானமாகக் கரையும். கடைசியில் சேரும் வாயுவின் அளவில் வித்தியாசம் இருக்காது.

ஆக, இந்த வேலையைப் பொறுத்தவரை 9 கிராம் அலுமினியமும் 33 கிராம் துத்தநாகமும் ஒன்றுக்கொன்று சமானம். ஒரு தனிமத்தின் சமான எடை என்று வேதியியல் சொல்வது இந்த எண்ணைத்தான். இப்போதைய பாடநூல்களில் சமான நிறை என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

ஏன் இப்படி? ஓர் அலுமினிய அணு கரையும்போது 3 எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு மூன்றும் இந்த அமிலத்தில் கரையும்போது அணுவுக்கு 2 எலக்ட்ரான்கள் கொடுக்கின்றன. அமிலத்தில் இருக்கும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியும் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜனாக மாறுகிறது. அதாவது எத்தனை எலக்ட்ரான்கள் கைமாறுகின்றனவோ அத்தனை ஹைட்ரஜன் அணுக்கள். 27 கிராம் அலுமினியத்திலும் 24.3 கிராம் மெக்னீசியத்திலும் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஒரு மோல். ஆனால் அலுமினிய அணு மூன்று கொடுக்கிறது, மெக்னீசிய அணு இரண்டு கொடுக்கிறது. ஆகவே ஒரு மோல் எலக்ட்ரானுக்கு எத்தனை கிராம் வேண்டும் என்று பார்த்தால் 27 ÷ 3 = 9, 24.3 ÷ 2 = 12.15. துத்தநாகத்துக்கு 65.4 ÷ 2 = 32.7, இரும்புக்கு 55.85 ÷ 2 = 27.9.

சமான எடையின் சூத்திரம் இவ்வளவுதான். மேலே மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை கிராமில்; கீழே அந்த ஒரு மோலுக்குக் கைமாறும் எலக்ட்ரான்களின் அல்லது ஹைட்ரஜன் அயனிகளின் மோல் எண்ணிக்கை. நீட், ஜே.இ.இ. பயிற்சி வகுப்புகளில் 'என் ஃபேக்டர்' என்று சொல்லிக்கொடுப்பது கீழே இருக்கும் அந்த எண்ணைத்தான். கணக்கில் சிரமமே கிடையாது, ஒரு வகுத்தல்தான். சிரமம் எல்லாம் கீழே எந்த எண்ணைப் போடுவது என்பதில் இருக்கிறது. பலர் அதைப் பொருளின் பெயரை வைத்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது, ஏனென்றால் அந்த எண் பொருளைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பொருள் ஈடுபடும் வினையைப் பார்த்து வருகிறது.

பாடநூல் வரையறையை ஒருமுறை பார்த்துவிடலாம். 1.008 கிராம் ஹைட்ரஜனோடு, அல்லது 8 கிராம் ஆக்சிஜனோடு, அல்லது 35.5 கிராம் குளோரினோடு சேரக்கூடிய, அல்லது அவற்றை இடப்பெயர்ச்சி செய்யக்கூடிய எடை எத்தனை கிராமோ, அது ஒரு தனிமத்தின் கிராம் சமான எடை. முதலில் படிக்கும்போது மூன்று தனித்தனி அளவுகோல்கள் போலத் தோன்றும். மூன்றும் ஒரே அளவுகோல்தான். 1 கிராம் ஹைட்ரஜன் 8 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 9 கிராம் நீர். அதே 1 கிராம் ஹைட்ரஜன் 35.5 கிராம் குளோரினோடு சேர்ந்தால் 36.5 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. மூன்றும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று சமானம் என்பதால் எதை வைத்து அளந்தாலும் ஒரே விடை வரும். ஹைட்ரஜனோடு எளிதில் சேராத உலோகங்கள் நிறைய உண்டு, அவற்றை ஆக்சிஜனோடோ குளோரினோடோ சேர்த்துப் பார்க்கலாம் என்பதற்காகத்தான் மூன்று.

அணுவுக்கு முந்திய எண்

இன்றைய மாணவருக்கு முதலில் அணு நிறை, பிறகு அதிலிருந்து சமான எடை என்ற வரிசையில் பாடம் வருகிறது. வரலாற்றில் வரிசை தலைகீழ். அணு என்று ஒன்று உண்டா என்பதே உறுதியாகாத காலத்தில், தராசை மட்டும் நம்பி வேதியியலாளர்கள் சமான எடைகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜெர்மானியரான ஜெரமியாஸ் ரிக்டர், வேதியியலைக் கணிதத்தின் பிடிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். எந்த அமிலத்தை நடுநிலையாக்க எந்தக் காரம் எத்தனை பங்கு வேண்டும் என்று அளந்து அட்டவணை போட்டார். வினைபடும் பொருள்களின் அளவு விகிதங்களைக் கணக்கிடும் துறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்ற பெயரை 1792-இல் வைத்தவரும் அவர்தான். அவருடைய எழுத்து படிக்கக் கடினம். சிதறிக் கிடந்த அவருடைய எண்களை எல்லாம் ஒரே அட்டவணையாக 1802-இல் சுருக்கித் தந்தவர் எர்ன்ஸ்ட் காட்பிரீட் பிஷர். கந்தக அமிலத்தை 1000 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டு எழுதினார். 1814-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன், ஆக்சிஜனை 10 என்று வைத்து, சமான எடைகள் பொறித்த ஒரு நகரும் அளவுகோலையே வெளியிட்டார். மரச்சட்டத்தை நகர்த்தினால் இவ்வளவு காரத்துக்கு இவ்வளவு அமிலம் என்று விடை கண்முன் வந்து நிற்கும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் ஆய்வகத்துக்கு அது பெரிய வசதி.

ஜான் டால்டன் அணுக்கொள்கையை முன்வைத்தபோது அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நீரில் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு இத்தனை பங்கு ஆக்சிஜன் என்று தராசு சொல்லும். அந்தப் பங்குகளில் எத்தனை அணுக்கள் என்று தராசுக்குத் தெரியாது. ஒன்றுக்கு ஒன்று என்று டால்டன் எளிமையாக எடுத்துக்கொண்டார். 1808-இல் வெளியான அவருடைய அட்டவணையில் ஆக்சிஜனின் அணு எடை 7 என்று இருக்கிறது. அளவீடு துல்லியமானபோது அது 8 ஆயிற்று. அந்த 8 உண்மையில் ஆக்சிஜனின் சமான எடை. நீரில் ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அணு எடை 16 என்றாகும். எது அணு எடை, எது சமான எடை என்ற இந்தக் குழப்பம் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய மாநாட்டில் இத்தாலியரான கனிசாரோ தன் வாதத்தை வைத்த பிறகுதான் படிப்படியாகத் தெளிவு வந்தது.

சமான எடையை மட்டும் நம்பியிருந்தவர்களை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. செம்பு இரண்டு ஆக்சைடுகள் தருகிறது. கருப்பு ஆக்சைடில் 8 கிராம் ஆக்சிஜனோடு 31.8 கிராம் செம்பு இருக்கிறது. சிவப்பு ஆக்சைடில் அதே 8 கிராம் ஆக்சிஜனோடு 63.5 கிராம் செம்பு. அப்படியானால் செம்பின் சமான எடை எது? இரண்டும்தான். கருப்பு ஆக்சைடு உருவாகும்போது ஒன்று, சிவப்பு உருவாகும்போது இன்னொன்று. இரும்பும் அப்படித்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்தால் 27.9, குளோரின் வாயுவில் எரிந்தால் அணுவுக்கு 3 எலக்ட்ரான் போவதால் 18.6. தனிமத்துக்கு அணு நிறை ஒன்றுதான். சமான எடையோ, இணைதிறன், அதாவது அணுவுக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற எண், மாறினால் மாறும்.

அமிலமும் காரமும்

அமிலம், காரம் என்று வரும்போது கைமாறுவது ஹைட்ரஜன் அயனி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூலக்கூறுக்கு ஒன்று கொடுக்கும், சமான எடை 36.5. கந்தக அமிலம் இரண்டு கொடுக்கும், 98 ÷ 2 = 49. சோடியம் ஹைட்ராக்சைடு ஒன்றை ஏற்கும், 40. நீற்றிய சுண்ணாம்பு இரண்டை ஏற்கும், 74 ÷ 2 = 37. எனவே 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை நடுநிலையாக்க 49 கிராம் கந்தக அமிலம் போதும் என்று சமன்பாடு எழுதாமலே சொல்லிவிடலாம். அமிலம் கொடுக்கும் எண்ணிக்கைக்குக் காரத்துவம் என்றும், காரம் ஏற்கும் எண்ணிக்கைக்கு அமிலத்துவம் என்றும் பெயர். யாரோ மாற்றி வைத்துவிட்டது போலத் தோன்றும். எத்தனை காரத்தைத் தாங்கும் என்பதால் அமிலத்துக்குக் காரத்துவம் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கும் முதல் இடம், வாய்பாட்டில் தெரியும் ஹைட்ரஜனை எல்லாம் எண்ணிவிடுவது. அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தில், நான்கு ஹைட்ரஜன் உண்டு. மூன்று கார்பனோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, சோடியம் ஹைட்ராக்சைடு வந்தாலும் அசையாது. ஆக்சிஜனோடு இருக்கும் ஒன்று மட்டுமே கைமாறும். எனவே சமான எடை 60 ÷ 1 = 60.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜனும் அமிலத்தன்மை கொண்டவைதான். மோலார் நிறை 98. 98 ÷ 3 = 32.7 என்று எழுதிவிட்டு ஆய்வகத்துக்குப் போனால் கணக்கு உதைக்கும். மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியை வைத்துத் தரம் பார்த்தால், அதாவது பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தை நிறம் மாறும்வரை துளித்துளியாக விட்டு அளந்தால், முதல் ஹைட்ரஜன் போனதுமே நிறம் மாறிவிடும். அங்கே சமான எடை 98. பினால்ப்தலீன் போட்டால் ஏறத்தாழ இரண்டாவது போன பிறகு நிறம் மாறும். அங்கே 49. மூன்றாவது ஹைட்ரஜன் இந்த மாதிரி சாதாரணத் தரம் பார்த்தலில் தனியாகப் பிடிபடவே படாது. ஒரே பியூரெட், ஒரே அமிலம். நிறங்காட்டியை மாற்றினால் நாம் நிறுத்தும் இடம் மாறுகிறது, நிறுத்தும் இடம் மாறினால் நடந்து முடிந்த வினை மாறுகிறது, அதோடு சமான எடையும்.

சலவைச் சோடாவும் இதே கதை. சோடியம் கார்பனேட்டின் வாய்பாட்டில் ஹைட்ராக்சைடே கிடையாது, ஆனாலும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும். முழுவதும் முடியும்வரை மெத்தில் ஆரஞ்சோடு பார்த்தால் 106 ÷ 2 = 53. பினால்ப்தலீனோடு பார்த்தால் பாதி வழியில், பைகார்பனேட் ஆனதும் நின்றுவிடும், அங்கே 106.

நிறமே விடை சொல்லும் ஒரு பொருள்

இந்தப் பாடத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும் என்றால் நான் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத்தான் எடுப்பேன். புண் கழுவவும் கிணற்று நீரில் போடவும் ஒருகாலத்தில் வீடுகளில் இருந்த அதே ஊதாப் படிகம். மோலார் நிறை 158. ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகளில் கைமாறுவது எலக்ட்ரான் என்பதால், ஒரு மூலக்கூறு எத்தனை எலக்ட்ரானை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7.

கந்தக அமிலம் நிறைய இருக்கும் கரைசலில் அது +2 வரை இறங்கும். வாங்கியது 5 எலக்ட்ரான். சமான எடை 158 ÷ 5 = 31.6. கண்ணுக்குத் தெரிவது, ஊதா மறைந்து நிறமற்றதாக ஆவது. நடுநிலைக் கரைசலில் +4 வரைதான் இறங்கும், மாங்கனீசு டை ஆக்சைடாகப் பழுப்பு வீழ்படிவு விழும். வாங்கியது 3, சமான எடை 52.7. வலுவான காரக் கரைசலில் +6 ஆகும்போது ஒரே ஒரு எலக்ட்ரான், கரைசல் பச்சையாகும், சமான எடை 158. ஊதா போய் நிறமின்றிப் போனதா, பழுப்பானதா, பச்சையானதா என்று பார்த்தாலே சமான எடையை எழுதிவிடலாம். இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் பொருள் ஆய்வக அலமாரியில் அதிகம் இல்லை.

மேல்நிலை வகுப்புச் செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்க்கும்போது, நீர்த்த கந்தக அமிலத்தைத் தாராளமாக ஊற்றச் சொல்வதன் காரணம் இப்போது புரியும். அமிலம் குறைந்தால் கூம்புக் குடுவையில் பழுப்புக் கலங்கல் வரும். கொஞ்சம் பெர்மாங்கனேட் 5 எலக்ட்ரான் வாங்கியிருக்கும், கொஞ்சம் 3-தான் வாங்கியிருக்கும். கணக்கில் நாம் போடுவது 31.6, குடுவையில் நடந்தது 31.6-க்கும் 52.7-க்கும் இடையில் ஏதோ ஒன்று. அந்த அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான். பெர்மாங்கனேட் குளோரைடையும் தாக்கிக் குளோரினாக்கி, தன் வேலையில் ஒரு பகுதியை அங்கே செலவழித்துவிடும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி, நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

சரி, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படிக ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை, அதிலுள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து, 126. இது 2 எலக்ட்ரான் கொடுக்கும், ஆகவே 63. லிட்டருக்கு ஒரு கிராம் சமானம் கரைந்திருந்தால் அது 1 நார்மல் கரைசல். நமக்கு 0.1 நார்மல் கரைசல் 250 மில்லி வேண்டும் என்றால் 63 × 0.1 ÷ 4 = 1.575 கிராம் எடுத்துக் கரைக்க வேண்டும். பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டை விடுகிறோம். முதல் சில துளிகள் நிறம் போகத் தயங்கும். அப்போது உருவாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துவதால் பிறகு துளி விழுந்ததும் மறையும். நிலையான இளஞ்சிவப்பு வரும்போது 18.5 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 20 × 0.1 ÷ 18.5 = 0.1081. பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி அது. லிட்டருக்கு எடை 0.1081 × 31.6, அதாவது ஏறத்தாழ 3.42 கிராம்.

நார்மாலிட்டியைக் கனஅளவால் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்ற விதி மந்திரம் மாதிரி ஒப்பிக்கப்படுகிறது. அதில் மந்திரம் ஏதும் இல்லை. பெருக்கினால் கிடைப்பது கைமாறிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. ஒருவர் கொடுத்ததும் மற்றவர் வாங்கியதும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? மோல் கணக்கில் போட்டால் 2 மோல் பெர்மாங்கனேட்டுக்கு 5 மோல் ஆக்சாலிக் அமிலம் என்ற விகிதத்தை நாம் தனியாகச் சேர்க்க வேண்டும். சமானக் கணக்கில் அந்த 2-ம் 5-ம் சமான எடைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. எளிமை அங்கிருந்து வருகிறது. ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக்சாலிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம் பார்த்தாலும் 63-தான். இரண்டு ஹைட்ரஜன் அயனி, இரண்டு எலக்ட்ரான் என்று எண்ணிக்கை தற்செயலாக ஒத்துப்போகிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டை எடுங்கள், மோலார் நிறை 128. அமிலமாக ஒரு ஹைட்ரஜன் அயனி, சமான எடை 128. பெர்மாங்கனேட்டுக்கு எதிரில் இரண்டு எலக்ட்ரான், சமான எடை 64. ஒரே குப்பியில் இருக்கும் ஒரே கரைசல் காரத்துக்கு 0.1 நார்மல், பெர்மாங்கனேட்டுக்கு 0.2 நார்மல்.

மின்சாரம் எண்ணித் தரும்போது

எலக்ட்ரானை எண்ணுவதுதான் வேலை என்றால் மின்னோட்டமே அதை எண்ணிக் கொடுத்துவிடும். மைக்கேல் பாரடே 1830-களில் கண்டது இதுதான். ஒரே மின்சாரத்தை வெவ்வேறு கரைசல்கள் வழியே செலுத்தினால் படியும் உலோகங்களின் எடைகள் அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் இருந்தன. எலக்ட்ரான் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. இன்றைய எண்ணில் சொன்னால் 96,485 கூலும் மின்னூட்டம் ஒரு சமானம். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் சுமார் 26.8 மணி நேரம் ஓடினால் அவ்வளவு. அதற்கு வெள்ளி 107.9 கிராம் படியும். காப்பர் சல்பேட் தொட்டியில் செம்பு 31.8 கிராம். சயனைடு தொட்டியில் செம்பு +1 நிலையில் இருப்பதால் அதே மின்சாரத்துக்கு 63.5 கிராம் வரை படியலாம். அலுமினியம் வெறும் 9 கிராம்தான். அலுமினிய உற்பத்தி இவ்வளவு மின்சாரத்தைக் குடிப்பதற்கு இந்தச் சின்னச் சமான எடையும் ஒரு காரணம்.

தண்ணீர் அறிக்கையிலும் ரத்த அறிக்கையிலும்

பரிசோதனைக்கூடத்தை விட்டு வெளியே, சமான எடை அதிகம் உழைப்பது தண்ணீர்ப் பரிசோதனையில். போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் வரும் தாளில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், 'கால்சியம் கார்பனேட்டாக' என்று போட்டிருக்கும். படித்தவுடன் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்புக்கல் கரைந்திருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. கால்சியம், மெக்னீசியம் என்ற இரண்டு வெவ்வேறு அயனிகளை ஒரே எண்ணாகக் கூட்ட வேண்டும். கிராமில் கூட்டினால் பொருளில்லை. எனவே இரண்டையும் சமானமாக மாற்றிக் கூட்டி, கால்சியம் கார்பனேட்டின் சமான எடையான 50-ஆல் பெருக்கி எழுதுகிறார்கள். 100 ÷ 2 = 50 என்ற வட்டமான எண் கைக்கு வசதி.

ஒரு மாதிரிக்கு, லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியம், 36.5 மில்லிகிராம் மெக்னீசியம் என்று வைப்போம். 80 ÷ 20 = 4 மில்லி சமானம். 36.5 ÷ 12.15 = 3 மில்லி சமானம். மொத்தம் 7. அதை 50-ஆல் பெருக்கினால் கடினத்தன்மை 350. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை. இந்தத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதை மென்னீராக்கும் ரெசின் கருவி வழியாக விட்டால் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே தங்கி, அவற்றுக்குச் சமானமாகச் சோடியம் வெளியே வரும். 7 மில்லி சமானத்துக்கு 7 × 23 = 161. அதாவது லிட்டருக்கு 161 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. சோடியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கும் வீட்டில், அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் பயன்படுத்தலாமா என்று யோசிக்க இந்த எண் வேண்டும். விற்பவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

அறிக்கை ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று சோதிக்கவும் இதே கணக்கு கைகொடுக்கும். நேர் அயனிகளின் மில்லி சமானங்களைக் கூட்டினால் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமமாக வர வேண்டும், தண்ணீருக்கு மின்னூட்டம் கிடையாதே. மேலே சொன்ன தண்ணீரில் 69 மில்லிகிராம் சோடியமும் இருந்தால் நேர் பக்கம் 10. எதிர் பக்கத்தில் பைகார்பனேட் 305, குளோரைடு 124, சல்பேட் 72 என்றால், முறையே 61, 35.5, 48-ஆல் வகுக்க 5, 3.5, 1.5. கூட்டினால் 10. சரியாக வந்துவிட்டது. ஒரு பக்கம் 10-ம் மறுபக்கம் 6-ம் வந்தால் ஏதோ ஓர் அயனியை அளக்கவில்லை, அல்லது அளந்ததில் தவறு.

மருத்துவமனையில் இந்த அலகுக்கு மில்லி ஈக்குவலன்ட் என்று பெயர். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 என்று வருபவை அந்த அலகில்தான். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் மின்னூட்டம் ஒன்று என்பதால் மில்லிமோல் என்றாலும் அதே எண். கால்சியத்தில் எண் மாறும்: டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 2.5 மில்லிமோல், ஆனால் 5 மில்லி ஈக்குவலன்ட். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு மடங்கு பிழை. சாதாரண சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 58.4-ஆல் வகுத்தால் 154 மில்லி ஈக்குவலன்ட் சோடியம். களர் நிலத்துக்கு ஜிப்சம் எவ்வளவு இட வேண்டும் என்ற கணக்கும் இதே வழிதான்: மண்ணைப் பிடித்திருக்கும் 23 கிராம் சோடியத்தை வெளியேற்ற 172 ÷ 2, அதாவது 86 கிராம் ஜிப்சம், மண்ணில் வீணாவது தனி.

இவ்வளவு பயன் இருந்தும் நார்மாலிட்டியைக் கைவிடுங்கள் என்று சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயுபேக் சொல்கிறது. குப்பியில் 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்று மட்டும் ஒட்டியிருந்தால் எந்த வினைக்கு 0.1 என்று தெரியாது. லிட்டருக்கு இத்தனை மோல் என்று மட்டும் சொல்லும் மோலாரிட்டியில் அந்தச் சந்தேகம் எழாது. அந்தப் பரிந்துரை எனக்குச் சரியாகவே படுகிறது, ஆனால் குப்பியின் ஒட்டுத்தாள் அளவில். ஒட்டுத்தாளில் மோலாரிட்டியை எழுதிவிட்டு, வினை எது என்று முடிவான பிறகு கணக்கைச் சமானத்தில் போடுவதில் குழப்பம் எதுவும் இல்லை. தண்ணீர்க்காரர்களும் மண் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் அதை விடப்போவதாகத் தெரியவில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. ஹைப்போ, அதாவது படிக சோடியம் தயோசல்பேட், மோலார் நிறை 248. அயோடினோடு வினைபுரியும்போது இரண்டு தயோசல்பேட் அயனிகள் சேர்ந்து ஒரு டெட்ராதயோனேட் அயனியாகின்றன, மொத்தம் 2 எலக்ட்ரான்கள் போகின்றன. குளோரின் மிகுதியாக இருந்தால் ஒரு தயோசல்பேட் அயனி முழுவதுமாக இரண்டு சல்பேட் அயனிகளாகிவிடும், போவது 8 எலக்ட்ரான்கள். இரண்டு வினைகளிலும் சமான எடை என்ன? முதலாவதில் 124 என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த 2 எலக்ட்ரான்களை இரண்டு அயனிகள் பகிர்ந்துகொண்டதால் ஒன்றுக்கு 1-தான், விடை 248. இரண்டாவதில் 248 ÷ 8 = 31.